‘கடல்பாசி’ என்று கேட்டால் கடையில் தருவது வேற! கொரியன் சுருள் ஆம்லெட் வீட்டிலேயே செய்வது எப்படி?

கொரியன் சீரியல் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்போது புதுசா ஒரு கோரிக்கை: “அந்த சுருட்டின ஆம்லெட் செஞ்சு தாங்க, உள்ளே கறுப்பா கடல்பாசி வெச்சு!” கொரியாவில் இதற்குப் பெயர் கெரான் மரி. ஜப்பானில் இதே மாதிரி சுருட்டுவதை தமாகோயாகி என்பார்கள். முட்டை, வெங்காயம் எல்லாம் வீட்டிலேயே இருக்கு. சிக்கல் அந்தக் கடல்பாசியில்தான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற இடைசெவல் மாதிரி கரிசல் ஊர்களில் கடல்பாசி என்று கேட்டுப் பாருங்க. மளிகைக்கடையில் வெள்ளையா, நார்நாரா ஒரு பாக்கெட் தருவாங்க. அது அகர் அகர், அதாவது சைனா கிராஸ். பாலில் காய்ச்சி ஜெல்லி செய்யத்தான் ஆகும். ஆம்லெட்டில் போட்டால் ரப்பர் மாதிரி மெல்ல வேண்டியதுதான். உரக்கடையில் கேட்டால் பருத்திக்கும் மிளகாய்க்கும் தெளிக்கிற பாட்டில் வரும். இஃப்கோவின் ‘சாகரிகா’ போன்றவை கடல்பாசிச் சாற்றில் தயாராகிறவைதான். ஆனால் அவை பயிருக்கு மட்டுமே, சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது.

நமக்கு வேண்டியது ‘நோரி’. காகிதம் மாதிரி மெல்லிய, கரும்பச்சைத் தாள். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ கிடைக்கும். பெரும்பாலும் சீனா, கொரியா, ஜப்பானில் விளைவது.

நம்ம கடலில் பாசி இல்லையா? தாராளமா இருக்கு. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசி, அகர் ஆலைகளுக்குப் போகிறது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி இந்தப் பெண்களுக்காகக் குரல் கொடுத்து 2015-இல் சீகாலஜி பரிசு பெற்றவர். ஆனால் இந்தப் பாசிகள் எதுவும் நோரித் தாளுக்கு மாற்று ஆகாது.

சரி, அடுப்பைப் பத்த வைப்போம். 4 முட்டைக்கு 1 நோரித் தாள் போதும். 4 சின்ன வெங்காயம், 1 பச்சை மிளகாய் எல்லாம் ரொம்பப் பொடியா நறுக்கணும். துண்டு பெரிசா இருந்தால் சுருட்டும்போது கிழியும். ‘ஸ்நாக்ஸ்’ என்று விற்கிற நோரியில் ஏற்கெனவே உப்பும் எண்ணெயும் இருக்கும். அதை வாங்கினால் முட்டையில் உப்பைக் குறைச்சுக்கோங்க. தாள் நமுத்திருந்தால் தீயில் இரண்டு மூணு நொடி காட்டினாலே மொறுமொறுப்பு திரும்பிடும்.

விளிம்பு இல்லாத தோசைக்கல் வேண்டாம், முட்டை ஓடிடும். சின்ன நான்ஸ்டிக் ஃபிரையிங் பேன் நல்லது. கடலை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, சிறுதீயில் மூணில் ஒரு பங்கு முட்டையை ஊற்றுங்க. மேல்பக்கம் இன்னும் ஈரமா இருக்கும்போதே பாதித் தாளை வைத்துச் சுருட்டணும். முழுசா வெந்துட்டால் ஒட்டாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சுருளை ஓரமாத் தள்ளிட்டு, மறுபடி எண்ணெய் தடவி அடுத்த பங்கை ஊற்றுங்க. சுருளை லேசாத் தூக்கினால் முட்டை அடியிலும் ஓடிப் போகும். மீதித் தாளை வைத்து அதே சுருளைத் திரும்பச் சுற்றிக்கிட்டே வாங்க. மூணாவது பங்குக்கும் இதேதான். கடைசியில் எல்லாப் பக்கமும் திருப்பி வேகவைத்து, 5 நிமிஷம் ஆறவிட்டு வெட்டணும். சூடா வெட்டினால் பிரிஞ்சிடும்.

நோரி கிடைக்கலையா? முருங்கைக்கீரையை வதக்கி, ஈரம் இல்லாமல் பரப்பிச் சுருட்டுங்க. சொல்லப்போனால் நம்ம நாக்குக்கு இதுதான் ஒரு படி மேலே!

தைராய்டு பிரச்னை உள்ளவர்கள் கவனிக்கணும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். கடல்பாசியில் அது வகைக்கு வகை மாறும். ‘கொம்பு’ என்கிற பாசியில் மிக மிக அதிகம். மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

பள்ளிக்கூட டப்பாவில் வைத்து அனுப்பலாமா? வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் சமைத்த முட்டையை 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. கோவில்பட்டி வெயிலில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அது தாங்காது. சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்பினதும் சுடச்சுடச் செய்து கொடுங்க.