குதிரைகள் மேயும் மேட்டு நிலம்

நான் குடியிருக்கும் இங்கிலாந்தின் எக்ஸிடரிலிருந்து மேற்கே காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் டார்ட்மூர் வந்துவிடும். மரங்கள் அரிதான, காற்று ஓயாத மேட்டு நிலம். 954 சதுர கிலோமீட்டர். 1951 முதல் தேசியப் பூங்கா. அழைத்துப்போகும் விருந்தினர்கள் ஹெதர் புதர்களையும் பாறைக் குன்றுகளையும் பார்த்துவிட்டு, "மனுஷ வாடையே படாத இடம்" என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களை நேரே விடிகம் கிராமத்துக்குக் கூட்டிப்போவேன்.

பள்ளத்தாக்கின் அடியில் கொஞ்சம் வீடுகள், நடுவே புனித பாங்க்ரஸ் தேவாலயம். அதன் கோபுரம் சுமார் 120 அடி. இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோபுரம் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். வெள்ளீயம் தந்த செல்வம் அது. டார்ட்மூரின் ஓடைப் படுகைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வெள்ளீயம் எடுத்திருக்கிறார்கள். அந்த மேடு பள்ளங்களில் இப்போது புல் மூடிக்கிடக்கிறது. தேவாலயத்துக்குள் போனால் மறக்காமல் அண்ணாந்து பாருங்கள். கூரை மரத்தில் மூன்று முயல்கள் வட்டமாக ஓடும். மொத்தம் மூன்றே காதுகள், ஆனால் எந்த முயலைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு காது இருக்கும்.

1638 அக்டோபர் 21, ஞாயிறு பிற்பகல் வழிபாட்டின்போது இதே கட்டடத்தில் இடி விழுந்தது. நெருப்புக் கோளம் ஒன்று உள்ளே புகுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நால்வர் இறந்தார்கள், ஏறக்குறைய அறுபது பேருக்குக் காயம். சூதாடி ஒருவனைத் தேடிச் சாத்தானே வந்தான் என்று ஊரில் கதை கட்டினார்கள். பந்து மின்னலைப் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஊர் வாத்தியார் செய்யுளாக எழுதிவைத்த பலகைகள் இன்றும் உள்ளே இருக்கின்றன.

வடக்கே ஹேமல்டவுன் முகட்டைத் தாண்டினால் கிரிம்ஸ்பவுண்ட். கல் மதிலுக்குள் 24 வட்டக் குடிசைகளின் அடித்தளங்கள், வெண்கலக் காலத்தவை. ஒருகாலத்தில் காடாக இருந்த இந்த மேட்டைப் பெரும்பாலும் வெட்டியும் மேய்த்தும் திறந்தவெளியாக்கியவர்கள் மனிதர்கள்தான். கிழக்கே ஹேய்டாரில் 1820-இல் கிரானைட்டிலேயே தண்டவாளம் செதுக்கி, குதிரைகளைக் கொண்டு கல் இறக்கினார்கள். 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு இங்கிருந்தும் கல் போனது.

எனக்கு மிகவும் பிடித்தவை இங்குள்ள குட்டைக் குதிரைகள். காட்டுக் குதிரைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. பொது நிலத்தில் மேய்க்கும் உரிமை பெற்ற விவசாயிகள் அவர்கள். இலையுதிர்காலத்தில் குதிரைகளை மலையிலிருந்து ஓட்டிவந்து, அவரவருடையதைப் பிரித்து, குட்டிகளில் சிலவற்றை விற்பார்கள். செப்டம்பர் மாதம் இரண்டாம் செவ்வாய் விடிகமில் சந்தை கூடும். ஒரு நாட்டுப்பாடலால் நாடெங்கும் பெயர்பெற்ற சந்தை. தயவுசெய்து குதிரைகளுக்குத் தீனி போடாதீர்கள். அந்த ருசிக்குச் சாலையோரம் காத்து நின்று காரில் அடிபட்டுச் சாகின்றன.

இப்போது இங்கே எத்தனை ஆடு, எத்தனை மாடு, எத்தனை குதிரை மேயலாம் என்பதில் கடும் விவாதம் நடக்கிறது. ஆடு மிகுந்தால் ஹெதர் அழிகிறது. மேய்ச்சல் குறைந்த இடங்களில் மொலினியா என்ற முரட்டுப் புல் அடர்ந்து மற்றச் செடிகளை அமுக்குகிறது. கோடையில் அதைக் கடித்துக் கட்டுக்குள் வைப்பவை மாடுகளும் குதிரைகளுமே. அதனால் ஆடுகளைக் குறைக்கச் சொல்பவர்கள், அதே கையோடு மாடும் குதிரையும் வளர்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் உதவித்தொகையையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.