தறியில் விழும் புட்டாவும் திரையில் ஓடும் விளையாட்டும்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் காலை வேளையில் தெருவோடு நடந்தால் தறியின் ஓசை காதில் விழாமல் இராது. எங்கள் கண்ணமங்கலமும் அப்படிப்பட்ட ஊர்தான். சென்ற ஆண்டு, என்னிடம் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு சந்தேகத்தோடு வந்தார். அவருடைய தந்தை பட்டு நெசவாளர். வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. அதில் புதிய விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுகின்றன.

"கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் நன்றாக ஓடும் என்கிறார்கள், சார். அதன் விலை அப்பா இரண்டு புடவை நெய்து வாங்கும் கூலியைவிட அதிகம். திரையில் படம் காட்டுவதற்கு இவ்வளவு விலையா என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். பதிலில் பாதி அவருடைய தந்தையின் தறிக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது!

தறிக்கு மேலே ஒரு நினைவகம்

பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் வரும் அன்னம், மாங்காய் போன்ற வடிவங்கள் எப்படி உருவாகின்றன? முதலில் வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். பாவு இழை மேலே எழ வேண்டிய கட்டத்துக்கு நிறம் தீட்டுகிறார்கள். பிறகு அந்தத் தாளைப் பார்த்து, வரிசைக்கு ஓர் அட்டையாகத் துளை போடுகிறார்கள். அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டுகிறார்கள்.

நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின்மேல் பதிகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதோடு இணைந்த கொக்கி அசையாமல் நின்று, மேலே எழும் கத்தியில் மாட்டிக்கொண்டு பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகிக் கீழேயே நின்றுவிடும். துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகள்! கணிப்பொறியின் 1, 0 என்பவையும் இவைதாம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டில் ஓர் அட்டை 240 'உண்டு, இல்லை' செய்திகளைத் தாங்குகிறது. எட்டுச் செய்திகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஓர் அட்டை என்பது 30 பைட். ஒரு வடிவத்துக்கு 300 அட்டைகள் என்று வைத்துக்கொண்டால், 9,000 பைட் நினைவகம் தறிக்கு மேலே தொங்குகிறது!

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் இந்தப் பொறியை முழுமைப்படுத்தினார். 1839-இல் அவருடைய உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்படத்தின் படி ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பேபேஜ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளை அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். 1973-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 370 கணிப்பொறி வந்த காலத்திலும் மாணவர்கள் நிரல்களை அட்டைக் கட்டுகளாகத்தான் சுமந்து சென்றார்கள்.

வரி வரியாக நெய்த படம்

இனி விளையாட்டுப் பொறிக்கு வருவோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும். பிறகு அடுத்த கோடு. நாடா குறுக்கே ஓடி ஊடை இழையை விடுவது போலத்தான். ஒரு கோட்டுக்கு ஆகும் நேரம் சுமார் 64 மைக்ரோ நொடி.

1977-இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டு விளையாட்டுப் பொறியில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் எவ்வளவு தெரியுமா? வெறும் 128 பைட்! கிடையாக 160, செங்குத்தாக 192 என்று புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைச் சேமிக்கவே 3,840 பைட் வேண்டும். இருப்பதைப்போல் 30 மடங்கு. அப்படியானால் படம் எப்படி வந்தது?

படம் முழுவதையும் அது சேமிக்கவே இல்லை. கற்றை ஒரு கோட்டை இழுத்து முடிக்கும் நேரத்தில் அதன் நுண்செயலி 76 துடிப்புகள் துடிக்கும். அதற்குள் அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்பதை நிரல் எழுதியவர் முடிவு செய்து தந்தாக வேண்டும். தாமதித்தால் படம் குலைந்துவிடும். தறியிலும் அந்தந்த நேரத்தில் வேலை செய்வது ஓர் அட்டைதானே? புடவை முழுவதையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை தறிக்கு இல்லை.

மேகமும் புதரும் ஒன்றே

1990-களில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளை நினைவிருக்கிறதா? சிறு வயதில் பக்கத்து வீட்டில் அதற்காகத் தவம் கிடந்தவன் நான். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'பேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் நகல்களே.

அதன் திரையில் 256-க்கு 240 புள்ளிகள், மொத்தம் 61,440. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிறங்களில் ஒன்று என்றால் 15,360 பைட் வேண்டும். படத்துக்கென அதில் இருந்ததோ 2 கிலோபைட்தான். இங்கே கைகொடுத்தது, நெசவாளர் நன்கறிந்த புட்டா! புடவையில் ஆயிரம் புட்டாக்கள் இருந்தாலும் வரைந்தது ஒன்றுதான். அதுபோல் திரையை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட 960 கட்டங்களாகப் பிரித்தார்கள். 'இந்தக் கட்டத்தில் இத்தனையாவது புட்டா' என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தார்கள். கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் 960 பைட். நிறத்துக்கு 64 பைட். ஆக, 1,024 பைட்டில் ஒரு திரை அடங்கிவிட்டது.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ' விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம்தான். நிறம் மட்டும் வேறு. ஒரே அட்டைக் கட்டுக்கு வேறு நிற ஊடை கொடுத்தது போல!

ஓடும் உருவங்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரு கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட இயலாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்கியதைப் பார்த்து, பெட்டி கெட்டுவிட்டது என்று நாங்கள் தட்டிப் பார்ப்போம். பெட்டியில் பழுது எதுவும் இல்லை. எட்டுக்கு மேற்பட்டவற்றை நிரல் மாற்றி மாற்றிக் காட்டியது, அவ்வளவுதான்.

ஒரு கை போதாது

இன்றைய திரைக்கு வருவோம். உங்கள் கைப்பேசித் திரையில் வெள்ளைப் படம் ஒன்றை வைத்து, விரல் நுனியால் ஒரு சிறு துளி நீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். துளி உருப்பெருக்கும் கண்ணாடி போல் வேலை செய்யும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் பொட்டுகள் தெரியும். இம்மூன்றும் சேர்ந்ததே ஒரு புள்ளி.

சாதாரணக் கணிப்பொறித் திரையில் 1,920-க்கு 1,080 புள்ளிகள்; அதாவது 20,73,600. நொடிக்கு 60 படங்கள் என்றால், நொடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளின் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலியின் ஒரு கருவிடம் இந்த வேலையைக் கொடுத்தால், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 24 துடிப்புதான். இன்றைய விளையாட்டிலோ ஒரு புள்ளிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் விழுகிறதா, சுவரா துணியா என்று பல நூறு கணக்குகள் போட வேண்டியிருக்கிறது. ஒரு கை போதாது.

ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. ஒரு புள்ளியின் கணக்கு முடிவதற்காகப் பக்கத்துப் புள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே வேலையைப் பங்கு போடலாம். கிராஃபிக்ஸ் கார்டு செய்வது இதைத்தான். கணிப்பொறியின் மையச் செயலி, எந்தச் சிக்கலையும் அவிழ்க்கத் தெரிந்த கைதேர்ந்த நெசவாளர். கிராஃபிக்ஸ் கார்டோ, ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான கைகள். 1999-இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட 'ஜிஃபோர்ஸ் 256' என்ற சில்லில் புள்ளிகளுக்கு நிறம் தரும் பாதைகள் நான்கு. அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'ஆர்.டி.எக்ஸ். 4090' கார்டில் கணக்கிடும் கருக்கள் 16,384!

இந்நிறுவனத்தின் சில்லுகளில் 32 இழைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து ஒரே கட்டளையைச் செய்கின்றன. அந்தக் கட்டுக்கு வைத்த பெயர் 'வார்ப்'. தறியில் பாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது! நெசவிலிருந்தே அப்பெயரை எடுத்தார்கள். இதைச் சொன்னதும், அதுவரை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த மாணவரின் தந்தை, "அப்போ எங்க வேலையைப் பார்த்துத்தான் பேர் வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார்.

விலை ஏன் இவ்வளவு என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 2012-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படங்களை இனங்காணும் செயற்கை நரம்பு வலை ஒன்றை விளையாட்டுக்கான 'ஜி.டி.எக்ஸ். 580' கார்டுகள் இரண்டைக் கொண்டு பயிற்றுவித்துப் போட்டியில் வென்றார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டியதும் ஒரே வகைக் கணக்கைக் கோடிக்கணக்கில் போடும் கைகளே. ஆகவே விளையாட்டுப் பிள்ளைகளும் பெரும் கணிப்பொறி நிலையங்களும் ஒரே கடையில் நிற்கிறார்கள். 2025-இன் இறுதி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியதற்கும் முக்கியக் காரணம் இதுவே.

வெயிலும் விளையாட்டும்

நம் ஊருக்கே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். சில்லு துடிக்கும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருபடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால் திறன் 33 விழுக்காடு கூடிவிடும். மேலே சொன்ன 4090 கார்டு 450 வாட் வரை இழுக்கும். 75 வாட் மின்விசிறிகள் ஆறு ஓடும் செலவு அது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது.

வெப்பம் வெளியேறும் வேகம் சில்லுக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லு 85 பாகையிலும் அறை 25 பாகையிலும் இருந்தால் வேறுபாடு 60. சித்திரை வெயிலில் அறை 40 பாகை ஆனால் வேறுபாடு 45-ஆகக் குறையும். அதே விசிறி இப்போது முன்பு வெளியேற்றிய வெப்பத்தில் முக்கால் பங்கைத்தான் வெளியேற்றும். தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லு அதிர்வெண்ணைக் குறைக்கும், விளையாட்டு திக்கும். கோடையில் கைப்பேசி சூடேறி மந்தமாவதற்கும் காரணம் இதுதான். பழுதென்று எண்ணிப் புதியது வாங்க வேண்டியதில்லை.

வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரையளவை 1,920-க்கு 1,080-இலிருந்து 1,280-க்கு 720-ஆகக் குறையுங்கள். புள்ளிகள் 2.25 மடங்கு குறைந்துவிடும். விளையாட்டு நன்கு வேகமெடுத்தால், திணறுவது படம் வரையும் பகுதி, கார்டு உதவக்கூடும். வேகம் மாறவே இல்லையானால் தடை மையச் செயலியிலோ நினைவகத்திலோ இருக்கிறது. எவ்வளவு விலையுள்ள கார்டும் பயன்படாது. கார்டு கேட்கும் வாட்டை உங்கள் கணிப்பொறியின் மின்வழங்கி தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். தூசி அடைத்த விசிறியைத் துடைப்பது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

நம் மாணவர் இந்தச் சோதனையைச் செய்தார். திரையளவைக் குறைத்ததும் விளையாட்டு திக்காமல் ஓடியது. 'சிறிது மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. வேலைக்குப் போனபின் என் காசில் வாங்குகிறேன்' என்று முடிவு செய்துவிட்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. தந்தையின் பழைய கட்டத் தாள் ஒன்றைப் பார்த்து, அதிலுள்ள அன்னத்தை எண்களாக மாற்றித் திரையில் தோன்றச் செய்யும் சிறு நிரல் ஒன்றை அவர் எழுதினார். தந்தையை அழைத்துக் காட்டினார். அவர் ஒரே பார்வையில், "மூக்குல ஒரு கட்டம் விட்டுப்போச்சுடா. அட்டையில ஒரு துளை தப்பினா, அன்னத்துக்கு அன்னம் அந்தத் தப்பு வரும்" என்றார். தேடிப் பார்த்ததில் ஓர் எண் தவறாக இருந்தது!

நீங்களும் முயன்று பாருங்கள். 8-க்கு 8 கட்டம் வரைந்து அதில் ஒரு புட்டா போடுங்கள். நிறம் தீட்டிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று வரிசைக்கு வரிசை எழுதுங்கள். எட்டு வரிசை, எட்டு பைட். அதை நண்பரிடம் எண்களாக மட்டும் கொடுத்து, படத்தை மீண்டும் வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்ததும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால், ஜக்கார்டும் கிராஃபிக்ஸ் கார்டும் உங்களுக்குப் புரிந்துவிட்டன என்று கொள்ளலாம்.