எப்போதும் 4 சக்கரமும் இழுக்கணுமா? 1970-களின் அமெரிக்க டிரக்குகளை 'பார்ட்-டைம்' ஆக மாற்றுவது ஏன், எப்படி?

1970-களில் அமெரிக்காவில் விற்பனையான செவ்ரோலே, ஜிஎம்சி, ஃபோர்டு, டாட்ஜ் பிக்-அப் டிரக்குகளுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. தேடிப் பிடித்து வாங்கி, துரு நீக்கி, பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள். அப்படி வாங்குபவர்களுக்கு வரும் முக்கியமான கேள்வி ஒன்று: வண்டியில் இருக்கும் 'ஃபுல்-டைம்' ஃபோர் வீல் டிரைவை அப்படியே வைப்பதா, 'பார்ட்-டைம்' ஆக மாற்றுவதா?

மாற்றினால் என்ன லாபம்? என்ன இழப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபுல்-டைம், பார்ட்-டைம்: என்ன வித்தியாசம்?

வண்டி வளைவில் திரும்பும்போது 4 சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின் சக்கரங்கள் சின்ன வட்டத்தில் போகும். முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தால், இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க ஏதாவது ஒரு டயர் வழுக்கியே ஆக வேண்டும்.

மண், சேறு, பனியில் டயர் எளிதாக வழுக்கிவிடும். பிரச்னை இல்லை. காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. அப்போ அந்த அழுத்தம் எல்லாம் ஷாஃப்ட், கியர், ஜாயின்ட் மீது ஏறும். ஸ்டியரிங் கனக்கும், நாளடைவில் பாகங்கள் உடையும்.

அதனால் பார்ட்-டைம் வண்டி சாதாரண ரோட்டில் பின் சக்கர இழுவையில் மட்டும் ஓடும். தேவைப்படும்போது மட்டும் டிரைவர் 4 சக்கரத்துக்கும் மாற்றுவார். இந்தியாவில் விற்கும் மஹிந்திரா தார் 4x4, மாருதி ஜிம்னி இரண்டும் இந்த வகைதான்.

ஃபுல்-டைம் வண்டியில் முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். அதனால் தார் ரோட்டிலும் 4 சக்கரமும் இழுத்துக்கொண்டே ஓடலாம்.

எந்த டிரக்குகளில் இது வந்தது?

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பகுதியில் இயங்கிய 'நியூ ப்ராசஸ் கியர்' நிறுவனம் தயாரித்த என்பி-203 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் இந்தக் கதையின் மையம். கியர் பாக்ஸில் இருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. வார்ப்பிரும்பு உறை, உள்ளே சங்கிலி, பின்பகுதியில் நடு டிஃபரன்ஷியல். தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல கனம்.

1973 முதல் 1979 வரையிலான காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டாட்ஜ் மூன்றுமே தங்கள் டிரக்குகளில் இதைப் பயன்படுத்தின.

வண்டியில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. தரையில் இருக்கும் லிவரில் 5 நிலைகள் இருக்கும்: ஹை லாக், ஹை, நியூட்ரல், லோ, லோ லாக். 'லாக்' என்று இருந்தால் நடு டிஃபரன்ஷியல் உள்ள பெட்டி என்று அர்த்தம்.

அப்போ என்ன பிரச்னை?

நேரம் சரியில்லை. என்பி-203 அறிமுகமான அதே 1973-ல், அக்டோபர் மாதம் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் விலை ஏறியது, பங்குகளில் வரிசை நின்றது. 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார்.

ஃபுல்-டைம் வண்டியில் கடைக்குப் போய் பால் வாங்கி வந்தாலும் முன் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல், முன் ஆக்ஸில், சங்கிலி எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்ற வைப்பதும் என்ஜின்தான், செலவாவதும் பெட்ரோல்தான். தேய்மானமும் கூடவே வரும்.

இதனால்தான் மாற்று கிட்கள் சந்தைக்கு வந்தன. 1980-களின் தொடக்கத்தில் நிறுவனங்களே என்பி-203-ஐ விட்டுவிட்டு, அலுமினிய உறை கொண்ட, எடை குறைந்த என்பி-208 என்ற பார்ட்-டைம் பெட்டிக்கு மாறின.

எப்படி மாற்றுகிறார்கள்?

வேலை இரண்டு இடத்தில் நடக்கும்.

முதலாவது, டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே. ஆயிலை வடித்து, பின்பகுதியைக் கழற்றி, நடு டிஃபரன்ஷியலை வெளியே எடுப்பார்கள். அந்த இடத்தில் 'ஸ்பூல்' எனப்படும் திடமான பாகம் உட்காரும். இனி பின் சக்கரங்களுக்கு சக்தி நேரடியாகப் போகும்.

இரண்டாவது, முன் சக்கரங்களில். அங்கே 'லாக்கிங் ஹப்' பொருத்தப்படும். வெளியே ஒரு திருகு இருக்கும். 'ஃப்ரீ' என்று வைத்தால் சக்கரம் மட்டும் தனியாக உருளும், உள்ளே ஆக்ஸில் சும்மா நிற்கும். 'லாக்' என்று திருப்பினால் இரண்டும் பிணையும். இது புது விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து விற்பனைக்கு வந்த ராணுவ ஜீப்புகளுக்காக, வார்ன் நிறுவனம் 1948-லேயே இப்படிப்பட்ட ஹப்களைச் செய்யத் தொடங்கியது.

மாற்றிய பிறகு லிவரின் அர்த்தமும் மாறும்:

- ஹை: பின் சக்கர இழுவை மட்டும்
- ஹை லாக்: 4 சக்கர இழுவை
- லோ: மெதுவான கியரில் பின் சக்கர இழுவை
- லோ லாக்: மெதுவான கியரில் 4 சக்கர இழுவை

ஹப் மட்டும் போட்டால் போதாதா?

செலவைக் குறைக்க சிலர் யோசிக்கும் குறுக்கு வழி இது. ஆனால் நடு டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கும்வரை இது சரிப்படாது.

காரணம் எளிது. டிஃபரன்ஷியல் எப்போதும் எதிர்ப்பு குறைந்த பக்கத்தைச் சுற்ற வைக்கும். முன் ஹப்களை விடுவித்துவிட்டால் முன் ஷாஃப்ட்டைத் தடுக்க எதுவும் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது மட்டும் சுற்றும், வண்டி நகராது.

லிவரை 'ஹை லாக்'கில் வைத்தால் வண்டி ஓடும். ஆனால் சங்கிலியும் முன் ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எதை நிறுத்த நினைத்தார்களோ, அதில் பாதி நிற்கவே இல்லை.

கவனிக்க வேண்டியவை

முதலில் ஆயில். பழைய அமைப்பில் எப்போதும் சுற்றும் சங்கிலிதான் ஆயிலை மேலே வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாற்றிய பிறகு சாதாரண ஓட்டத்தில் சங்கிலி நின்றுவிடும். முன்பக்க பேரிங்குக்கு ஆயில் குறையலாம். அந்த பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது என்று சொல்லப்படுவது இதனால்தான். அவ்வப்போது மண் பாதையில் ஹப்களை லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டுவதும் உதவும்.

அடுத்து, கிட் வாங்கும் முன் முன் ஆக்ஸிலைப் பார்க்க வேண்டும். ஃபுல்-டைம் என்றே வடிவமைக்கப்பட்ட சில மாடல்களில் லாக்கிங் ஹப் அப்படியே பொருந்தாது. ஸ்பிண்டில் போன்ற பாகங்களையும் மாற்ற வேண்டி வரும். பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கழற்றிய டிஃபரன்ஷியலைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. ஆயில் தடவி, சுற்றி வைத்தால், பின்னாளில் வண்டியை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவர விரும்புபவருக்கு அது தேவைப்படும்.

இன்னொரு வழியும் உண்டு. பெட்டியையே மாற்றி, அதே காலத்து என்பி-205 பார்ட்-டைம் பெட்டியைப் பொருத்துவது. சங்கிலி இல்லாமல் முழுக்க கியரில் ஓடும் உறுதியான பெட்டி அது. வேலையும் செலவும் கூடுதல்.

எதை இழக்கிறோம்?

பலர் யோசிக்காத இடம் இதுதான். நடு டிஃபரன்ஷியல் வெறும் சுமை அல்ல, அது ஒரு பாதுகாப்பு.

மினசோட்டா மாதிரி பனி கொட்டும் மாநிலத்தில் 100 மீட்டர் காய்ந்த ரோடு, அடுத்த 100 மீட்டர் பனிக்கட்டி என்று மாறி மாறி வரும். ஃபுல்-டைம் வண்டியில் டிரைவர் லிவரைத் தொடவே வேண்டாம். மாற்றிய வண்டியில் ஒவ்வொரு முறையும் அவர்தான் முடிவெடுக்க வேண்டும். பனியில் 4 சக்கரத்துக்கு மாற்ற மறந்தால் பின்பக்கம் வழுக்கும். காய்ந்த ரோட்டில் திரும்ப எடுக்க மறந்தால் பெட்டி திணறும். ஹப் 'ஃப்ரீ'யில் இருக்கும்போது லிவரை மட்டும் மாற்றினால், 4 சக்கரமும் இழுக்கிறது என்று டிரைவர் நம்பிக்கொண்டிருப்பார், முன் சக்கரம் சும்மா உருண்டுகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட ஊர்களில் மாற்றியவர்கள் குளிர்காலம் முழுக்க ஹப்களை 'லாக்'கிலேயே விட்டுவிட்டு, லிவரை மட்டும் பயன்படுத்தலாம். அந்த மாதங்களில் பெட்ரோல் மிச்சம் குறையும். ஆனால் கொட்டும் பனியில் இறங்கி ஹப்பைத் திருக வேண்டியதில்லை.

யாருக்கு லாபம்?

அரிசோனா போல வறண்ட ரோட்டில் பெரும்பாலும் ஓட்டி, எப்போதாவது மண் பாதையில் இறங்குபவருக்கு இந்த மாற்றம் பொருந்தும். தேய்மானம் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் பெரிய என்ஜினும் கனமான உடலும் அப்படியே இருப்பதால் மைலேஜில் அதிசயம் எதிர்பார்க்க முடியாது.

பனியும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், வீட்டில் பலரும் ஓட்டும் வண்டி என்றால் யோசிக்க வேண்டும். சங்கிலி நல்ல நிலையில் இருந்தால் ஃபுல்-டைமாகவே விட்டுவிடுவது மேல். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சாவியைக் கொடுக்கும் முன் ஹப்பையும் லிவரையும் எப்போது, எப்படி மாற்றுவது என்று ஓட்டப்போகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.