தன் பல்லே தனக்குத் துணை

வாயில் ஒரு பல் போய்விட்டால், அவ்விடத்தில் கட்டுப்பல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். நம்முடைய பல் ஒன்றையே ஓரிடத்திலிருந்து எடுத்து, பல் இழந்த இடத்தில் நடும் சிகிச்சையும் உண்டு.

பல் நடும் எண்ணம் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஜான் ஹன்டர், சேவலின் கொண்டையில் மனிதப் பல்லைப் பதித்துச் சோதித்தார். அக்காலத்தில் ஏழைகளின் பற்களை விலைக்கு வாங்கிச் செல்வர் வாயில் நடுவதும் உண்டு. அயலார் பல் நெடுநாள் நிலைக்கவில்லை, நோய்களும் தொற்றின. அவ்வழக்கம் மறைந்தது.

தன் பல்லோ உடலுக்கு அந்நியமன்று. 1950-களில் அமெரிக்க மருத்துவர்கள், முற்றாத ஞானப்பல்லை எடுத்து, சொத்தையால் இழந்த முதற் கடைவாய்ப்பல்லின் இடத்தில் நடும் முறையை வகுத்தனர்.

இதன் வெற்றி எதனைப் பொறுத்தது? வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைப் பொறுத்தது. பல்லைத் தாடையெலும்புடன் பிணைப்பது அதுவே. அது உலர்ந்தாலும் நசுங்கினாலும், நாளடைவில் வேர் கரைந்து, பல் பயனற்றுப் போகும். ஆதலின் மருத்துவர் புதிய குழியை முன்னதாகவே செப்பம் செய்து, வேரைத் தீண்டாமல் விரைந்து பல்லை நடுவார். பின்னர் அண்டைப் பற்களுடன் சிறிது காலம் இளக்கமாகக் கட்டிவைப்பார்.

வேர் முக்கால் பங்கு வளர்ந்து, நுனி மூடாதிருக்கும் பருவமே மிக ஏற்றது. அப்போது புதிய இரத்தக்குழாய்கள் பல்லினுள் புகுந்து அதற்கு உயிரூட்டும். முற்றிய பல்லாயின், நட்ட சில வாரங்களுக்குள் வேர்ச் சிகிச்சையும் தேவைப்படும்.

நார்வே மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நட்டு 17 முதல் 41 ஆண்டுகள் கடந்த பற்களுள் 90 சதவீதம் நிலைத்திருந்தன. எலும்பில் பதிக்கும் டைட்டேனியம் திருகு, வளரும் தாடையுடன் வளராது. நட்ட பல்லோ உடன் நகரும். சிறுவர்க்கு இது பெரும் நன்மை.

எல்லோர்க்கும் இது பொருந்தாது. ஈறு நலமாகவும், நடும் பல் இடத்துக்கேற்ற அளவிலும் இருத்தல் வேண்டும். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர், "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளின் பல் சிகிச்சையைத் தள்ளிவைப்பதுண்டு. வேர் வளரும் பருவம் விடுமுறைக்காகக் காத்திராது. இருக்கும் ஊரிலேயே பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், ஒரு பல்லைக் களையுமுன் அதனை வேறிடத்தில் நடலாமா என்று கேட்பதும் அறிவுடைமையாகும்.