தோட்டக் குளத்தை மேம்படுத்துதல்

தோட்டக் குளம் என்பது வீடு, பள்ளி போன்ற இடங்களின் தோட்டத்தில் தரையைத் தோண்டியோ தொட்டி கட்டியோ அமைக்கப்படும் சிறிய நீர்நிலை ஆகும். அழகுக்காக அமைக்கப்படும் குளங்கள் பலவற்றில் செங்குத்தான சுவரும், வெறும் தரையும், அளவுக்கு மிஞ்சிய வண்ண மீன்களும் உள்ளன. இவற்றில் தவளையோ தும்பியோ பெருகுவதில்லை. மீன்களும் அடிக்கடி இறக்கின்றன. தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிகளில் இக்குளங்களைச் சில மாற்றங்களால் பல உயிர்களுக்கும் ஏற்றதாக ஆக்கலாம்.

ஆழமும் கரையும்

குளத்தின் ஒரு பகுதியாவது 60 செ.மீ. ஆழம் இருந்தால் கோடையிலும் அடிநீர் அதிகம் சூடாகாது. மற்றொரு பக்கத்தில் கல், மண் இட்டு மெல்லிய சரிவு அமைக்க வேண்டும். தவளைகள் முட்டையிடவும், பறவைகள் நீர் அருந்தவும், தவறி விழும் அணில், ஓணான் ஆகியவை கரையேறவும் இச்சரிவு உதவுகிறது. குழந்தைகள் உள்ள இடங்களில் வேலியோ உறுதியான கம்பி வலையோ கட்டாயம் தேவை.

நீரின் தரம்

மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சாகும். கல், மணல், தாவர வேர் ஆகியவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைத் தாவரங்கள் உணவாக எடுத்துக்கொள்கின்றன. புதிய குளத்தில் இப்பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே மீன்களை ஒரே நாளில் மொத்தமாக விடாமல், சிறிது சிறிதாக விட வேண்டும். குளத்தைக் காலி செய்து கழுவினால் பாக்டீரியாக்களும் அழிந்துவிடும். பழைய நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே நல்லது. குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும்.

நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். இரவில் தாவரங்களும் பாசியும்கூட ஆக்சிஜனையே பயன்படுத்துவதால், விடியற்காலையில் அதன் அளவு மிகக் குறைவாக இருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், மீன்களின் எண்ணிக்கையையும் உணவையும் குறைக்க வேண்டும் என்பது பொருள்.

நீர்த்தாவரங்கள்

ஹைட்ரில்லா போன்ற மூழ்கிய தாவரங்கள், அல்லி போன்ற மிதக்கும் இலைத் தாவரங்கள், கரையோரக் கோரை ஆகிய மூவகையும் இருப்பது சிறந்தது. நீர்ப்பரப்பில் பாதியளவு நிழல் இருந்தால் பச்சைப் பாசி கட்டுப்படும். தும்பியின் இளம்பருவம் நீரில் கழிகிறது. அது முதிர்ந்து வெளியேறும்போது பற்றி ஏறுவதற்குக் கோரைத் தண்டு பயன்படுகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆகாயத் தாமரையை (வெங்காயத் தாமரை) வளர்க்கக் கூடாது. அது விரைவில் நீர் முழுவதையும் மூடிவிடும்.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

மீன்கள் தலைப்பிரட்டைகளையும் தும்பியின் இளம்பருவங்களையும் தின்கின்றன. ஆதலால் சிறு குளத்தில் மீன் கூடக்கூடப் பிற உயிர்கள் குறையும். கொய் போன்ற பெரிய கெண்டை வகைகள் அடிமண்ணைக் கிளறித் தாவரங்களைப் பெயர்த்துவிடுவதால் சிறு குளத்துக்கு ஏற்றவை அல்ல. உள்ளூர்ச் சிறு மீன்கள் சிலவற்றை மட்டும் விட்டு, ஆழமற்ற பகுதியைக் கற்களாலும் அடர்ந்த செடிகளாலும் பிரிப்பது நல்ல வழி. மீன் இல்லாத சிறு தொட்டி ஒன்றைத் தனியே அமைத்தால் தவளைகளுக்கு இன்னும் பாதுகாப்பு. ஆனால் அதில் கொசுப்புழு உள்ளதா எனத் தவறாமல் பார்த்து, இருந்தால் சிறு வலையால் அகற்ற வேண்டும்.

கொசு ஒழிப்புக்காக வட அமெரிக்காவின் கம்பூசியா மீன் 1928 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இது உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. ஆகாயத் தாமரையும் அப்பட்டியலில் உண்டு. கம்பூசியாவுக்குப் பதிலாக, தலை உச்சியில் வெண்புள்ளி கொண்ட அப்லோகீலஸ் என்னும் உள்நாட்டு மீனை விடலாம். இதுவும் மேற்பரப்பில் திரிந்து கொசுப்புழுக்களை உண்ணும்.

பராமரிப்பு

சில நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே உணவிட வேண்டும். குளத்தருகே பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. தாவரங்களைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அகற்றியவற்றை ஒரு நாள் கரையோரம் போட்டுவைத்தால், அவற்றிலுள்ள சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பும்.

மிகுதியான வண்ண மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது பெரும் தவறு. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க சக்கர் மீன் இவ்வாறே நம் நீர்நிலைகளில் பரவியது. வேண்டாத மீன்களை விற்ற கடையிடமோ வளர்க்க விரும்புவோரிடமோ ஒப்படைக்க வேண்டும்.