நோயாளிக்கு விடைகொடுக்குங் காலம்

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியை முதியோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். 1782ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தினின்று வளர்ந்ததாதலின் அப்பெயர். பசி தீர்ந்தவர் தாமே எழுந்து போவர். நோயாளி போகத்தக்க காலத்தை அறிவதோ அத்துணை எளிதன்று.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா வாயு கசிய, மூச்சுத்திணறலுற்ற பலர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். இவ்வாயு ஈரத்தோடு கலந்து காரமாகிச் சுவாசக் குழல்களைப் புண்படுத்துவது. தேறினவர் போற் காணப்படுவோருக்கும் சில மணி கழித்து நுரையீரலில் நீர் கோத்தல் கூடும். ஆகவே மூச்சு எளிதாயிற்று என்பது மட்டும் விடைகொடுக்கப் போதாது. நோயாளியோ, வலை கரையிற் கிடக்கின்றதே என்று புறப்படத் துடிப்பார். வாயிலில் வேறொருவர் அவர் படுக்கைக்குக் காத்திருப்பார்.

தெளிந்த அறிவுடையவர் அபாயத்தை உணர்ந்தும் போக விரும்பின், அவரைத் தடுத்தலாகாது என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அவருக்கு விளங்கும் பேச்சில் எடுத்துரையாது கையொப்பம் மாத்திரம் வாங்குவது ஆஸ்பத்திரியைக் காக்குமேயன்றி நோயாளியைக் காவாது. பணம் பாக்கியென்று நிறுத்தி வைத்தலோ அறவே தகாது; 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் அதனை விலக்குகின்றது.

அவர் திரும்பும் குடிசை அதே குழாயருகிலுள்ளதா, இரவில் மூச்சு முட்டினால் வண்டி கிடைக்குமா என்பவற்றையும் வைத்தியர் விசாரித்தல் வேண்டுமென்று நாம் கருதுகின்றோம்.