பிள்ளை மனசில் உள்ளது ஊர் வாய்க்குப் போகலாமா?



விடியுமுன்னே தூக்குவாளியோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் கிளம்பிவிடுகிறோம். சிலர் ஜீப் ஏறி கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். பொழுது சாய்ந்து வீடு திரும்பினால், பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக்கூடக் கவனிக்க முடிவதில்லை. அந்தப் பிள்ளை தன் மனப்பாரத்தை யாரிடம் சொல்லும்? அதற்குத்தான் ஆலோசனை.

ஆலோசனை என்றால் என்ன?

படிப்பு ஏறவில்லை, பரீட்சை பயம், அப்பாவின் குடி, கூடப் படிப்பவர்களின் கேலி, பெரியவர் ஒருவரின் தப்பான தொடுதல் என்று எதையும் பிள்ளை பேசலாம். ஆலோசகர் திட்டமாட்டார்; காதுகொடுத்துக் கேட்டு வழி காட்டுவார். "ஆலோசனைக்குப் போனால் பைத்தியம்னு சொல்லுவாங்க" என்று பயப்பட வேண்டாம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

ரகசியம் ஏன் முக்கியம்?

யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதைக் குழுவுக்கு வெளியே பேசக்கூடாது என்று நாம் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கை போனால் குழுவே உடைந்துவிடும். ஆலோசனையும் அப்படித்தான்.

மார்க்கையன்கோட்டை மாதிரி ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். காலையில் பள்ளியில் சொன்னது சாயங்காலம் குழாயடிக்கு வந்தால் என்ன ஆகும்? பொம்பளப் பிள்ளை என்றால், "படிச்சது போதும்" என்று நிறுத்தி மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுகிறோம். 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதைப் பார்க்கும் மற்ற பிள்ளைகளும் இனி வாயே திறக்க மாட்டார்கள்.

பெத்தவளுக்குத் தெரியக்கூடாதா?

நியாயமான கேள்விதான். நல்ல ஆலோசகர், பிள்ளையே அம்மாவிடம் சொல்லும்படி தைரியம் கொடுப்பார். நாமும் "அவரிடம் என்ன சொன்னே?" என்று குடைய வேண்டாம். "நான் உனக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டால், பிள்ளை தானாக நம்மிடம் வரும்.

எப்போது மறைக்கக் கூடாது?

1. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால். "சாகலாம்போல இருக்கு" என்று சொன்னால் விளையாட்டுப் பேச்சாக விடக்கூடாது. உடனே பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

2. பாலியல் தொல்லை என்றால். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும். ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் நமக்கும் இது பொருந்தும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. தப்பு செய்தவர் சொந்தக்காரர் என்று பஞ்சாயத்து பேசி மூடிவிடக் கூடாது.

அப்போதும் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டுமே சொல்லணும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், வீடு, பள்ளி தெரியும்படி செய்தி வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பாவம், நம்ம தெருப் பிள்ளை" என்று வாட்ஸ்அப்பில் போட்டோவை அனுப்புவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்தான்.

யாரைக் கூப்பிடலாம்?

* 1098 – குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம்.
* 14417 – பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். பள்ளியில் நடக்கும் தொல்லைகளையும் சொல்லலாம்.
* 14416 – மனநல ஆலோசனை. தமிழிலேயே பேசலாம்.

அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டியிலும் பிள்ளைகள் எழுதிப் போடலாம்.

குழுவில் செய்ய வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இந்த மூன்று எண்களையும் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் சகோதரிகள், பெட்டியை யார் திறக்கிறார்கள், பிள்ளையிடம் தனியாகப் பேச இடம் இருக்கிறதா என்று கேட்டு வாருங்கள். பிறகு தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவோம்: "எந்தப் பிள்ளையின் கஷ்டத்தையும் ஊர்ப் பேச்சாக்க மாட்டோம், ஆபத்து என்றால் மறைக்கவும் மாட்டோம்."